ஓலை வாசிக்கிற ஞாயிறு

சாமியார் பிரசங்கத்தில் இன்னும் கலிலேயாவை விட்டுக் கிளம்பவில்லை. படகு தயார், பேதுரு தயார், தண்ணீரில் கால் வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இந்தப் புதுச் சாமியார் காற்று எந்தத் திசையில் அடித்தது என்பதிலேயே நின்றுகொண்டிருக்கிறார். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கடல்காற்றைப் பற்றி விருதுநகரில் பிறந்த ஒருவர் விளக்குகிறார், நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறோம். முடியுங்கள் சாமி. இல்லை, முடிக்காதீர்கள். முடித்தால் விசுவாசப் பிரமாணம், அப்புறம் காணிக்கை, எழுந்தேற்றம், நன்மை வாங்குதல், அதற்கப்புறம் அறிவிப்பு, அறிவிப்பில் ஓலை. ஓலை என்றால் பனையோலை இல்லை, ஒரு தாள்தான். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் கோயில் மைக்கில் வாசிப்பார். இன்று என் மகள் ஷெரிலுக்கு முதல் ஓலை. முதல் ஓலை என்று சொன்னால் கர்த்தருக்கே சிரிப்பு வரும், ஏனென்றால் போன வருஷம் இதே ஷெரிலுக்கு மூன்று ஓலையும் இதே மைக்கில் வாசித்தாயிற்று, வேறொரு பெயரோடு சேர்த்து. அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்தவன் கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்கு வரவில்லை. அவ்வளவுதான் கதை. ஒரு வரிக் கதை. ஊர் அதை ஒரு வருஷமாகச் சொல்லி இன்னும் முடிக்கவில்லை. ஷெரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், முதுகு பெஞ்சில் படாமல். எங்களில் ஓலை வாசிக்கிற பூசைக்குப் பெண் வருவதில்லை, வீட்டில்தான் இருப்பாள், வெட்கமாம். இவள் வந்தே தீருவேன் என்றாள். "போன தடவை என் பேர ஊரே கேட்டுச்சு, நான் மட்டும் கேக்கல. இந்தத் தடவை நானும் கேக்கணும்." சரி, கேள் என்றேன். அதோடு விட்டாளா. "வாசிக்கும்போது என்னால அங்கன உக்கார முடிஞ்சா நான் எட்வினக் கட்டிக்கிடுதேன். எந்திச்சி ஓடணும்னு தோணிச்சின்னா விட்டுருங்கம்மா. அதுக்குப் பொறவு என்னக் கேக்கப்பிடாது." உலகத்தில் எந்தக் கல்யாணப் பெண்ணாவது இப்படி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாளா. வீடு பார்க்கவில்லை, வேலை பார்க்கவில்லை, கல்யாணம் ஒரு பெஞ்சில் வந்து நிற்கிறது. பெஞ்சு என்ன செய்யும். மரம்.

எனக்குப் பின்னால் முழுக் கோயிலும் இருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் கொண்டைக்கும் ரவிக்கைக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்சத் தோலுக்கு எல்லாம் தெரிகிறது. நேர் பின்னால் ஹில்டா மைனி, என் அண்ணன் பெண்டாட்டி. அவள் பூசுகிற பவுடரின் வாசனை அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு காலத்தில் இந்த முதுகுக்காகத்தான் நான் புடவையே கட்டினேன். பூசை மணி அடித்து, பாட்டு தொடங்கி, எல்லோரும் எழுந்து நிற்கிற நேரம் பார்த்து நடு வழியில் நடந்து வருவேன், கையில் ஜெபமாலை, காலில் சத்தம் போடுகிற செருப்பு. என் வீட்டுக்காரர் பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு வருவார், "கொஞ்சம் சீக்கிரம் கிளம்பப்பிடாதா" என்று முணுமுணுத்துக்கொண்டு. சீக்கிரம் வந்தால் யார் பார்ப்பது. கிறிஸ்மஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று, மாதா திருவிழாவுக்கு ஒன்று, அந்தந்தப் புடவைக்கு அந்தந்தக் கண்கள் இருந்தன. கான்வென்ட்டில் படித்தவள் நடையே தனி என்று யாரோ சொல்லி, அது என் காதுக்கு வந்து, அதற்கப்புறம் அந்த நடையைக் காப்பாற்றுவதற்காகவே நடந்தேன். அதே கண்கள்தான் இப்போதும். கண்ணை மாற்றிக்கொண்டு யாரும் வரவில்லை. முன்னே அதை வெயில் மாதிரி முதுகில் வாங்கிக்கொண்டேன், இப்போது அதே வெயில் பொசுக்குகிறது. ஒரு வருஷமாக விடிகாலைப் பூசைக்குத்தான் போகிறேன். அங்கே மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி நைட் டியூட்டி முடித்த நர்ஸுகள், தூக்கம் வராத கிழவர்கள். யாருக்கும் யாரையும் பார்க்கிற அளவுக்குக் கண் திறந்திருக்காது. நல்ல பூசை. பிரசங்கம்கூடச் சின்னது. அங்கேயே இருந்திருக்கலாம். ஓலையை அங்கே வாசிக்கச் சொல்லலாம் என்று இவர்கூடச் சொன்னார். ஷெரில் மாட்டேன் என்றுவிட்டாள். பெரிய பூசையில், முன் வரிசையில். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று கேட்க நான் வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

பேதுரு ஒருவழியாகத் தண்ணீரில் இறங்கிவிட்டார். மூழ்கட்டும். "விசுவசிக்கிறேன்" என்று எல்லோரும் எழுகிறோம், உட்கார்கிறோம், காணிக்கைப் பை வருகிறது. ஷெரில் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த நகத்தில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தார்கள், முத்து மாதிரி. அன்றைக்கு என்று நினைத்தால் முதலில் ஹெல்மெட் வருகிறது. எப்போதும் அதுதான் முதலில் வருகிறது. கார் பூவெல்லாம் கட்டி வாசலில் நிற்கிறது, பேண்டுக்காரர்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டுக் குழலிலிருந்து எச்சிலை உதறுகிறார்கள், ஒரு பைக் வருகிறது. மாப்பிள்ளை லெஸ்லியின் அண்ணன். இறங்கினான், வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதற்குள்ளிருந்து ஏதோ சொன்னான். ஒன்றும் விளங்கவில்லை. "கழத்திட்டுப் பேசு தம்பி" என்றேன். அவன் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தூக்கினான், இரண்டு கண்ணும் மூக்கும் தெரிந்தது. "அவன் வரமாட்டேங்கான்." அவ்வளவுதான். ஏன் என்றதற்குத் தெரியாது என்றான். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்விட்டான். இன்று வரைக்கும் ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. லெஸ்லி சிங்கப்பூரில் இருக்கிறான் என்பது மட்டும் தெரியும், சந்தோஷமாக இருக்கட்டும், அல்லது இல்லாமல் போகட்டும். ஆனால் அந்த அண்ணன்காரன் ஒரு நிமிஷம் அந்தச் சனியனைக் கழற்றியிருக்கலாம். முகத்தைக் காட்டியிருக்கலாம். நான் திட்டியிருப்பேன், அவன் வாங்கியிருப்பான், அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். அப்புறம் இவர். என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி, எங்கேயும் எப்போதும் குரல் எழும்பாத மனுஷன், மண்டபத்தில் போய் நின்று, "சாப்பாடு ஆயிருச்சி, எல்லாரும் சாப்புட்டுட்டுதான் போணும்" என்றார். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. போவார்கள், எழுந்து போய்விடுவார்கள், அந்த அளவுக்காவது நாகரிகம் இருக்கும் என்று நினைத்தேன். உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கத்தரிக்காய். பரிமாற ஆளில்லாமல் நானே கறி வாளியை எடுத்தேன், பட்டுப் புடவையோடு. எல்லோரும் குனிந்துதான் சாப்பிட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஹில்டா மைனி இலைக்கு வந்தேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கார்மலின், நெஞ்செலும்பா பாத்துப் போடு" என்றாள். நான் வாளிக்குள் கரண்டியை விட்டுத் தேடினேன். தேடினேனே. தொடைக்கறியை ஒதுக்கி, கொழுப்பை ஒதுக்கி, அடியில் கிடந்த நெஞ்செலும்பை எடுத்து அவள் இலையில் வைத்தேன், "போதுமா மைனி" என்று கேட்டேன். என்னை அறுக்கிறது அவன் வராதது இல்லை. ஊர் பேசியது இல்லை. அந்தக் கரண்டிதான். மகள் உள்ளே முத்து நகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது வாளிக்குள் நெஞ்செலும்பு தேடிய கை. அதை யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை, மைனிக்கு நினைவுகூட இருக்காது. எனக்குத்தான் குழம்பு கிண்டும்போதெல்லாம் வருகிறது.

மணி அடிக்கிறார்கள், முழந்தாள் போட வேண்டும். என் மூட்டு சத்தம் போடுகிறது. இதே இடம், தரை மட்டும் அப்போது வேறு, கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாக இருக்கும். நான் போர்டிங்கிலிருந்து லீவுக்கு வந்தால் கறுப்பை மட்டும் மிதித்து நடந்து வருவேன். டைல்ஸ் போட்டுக் கெடுத்துவிட்டார்கள். சாம்பிராணியைக்கூடக் குறைத்துவிட்டார்கள், யாருக்கோ ஆஸ்துமாவாம். எனக்கு ஓலை வாசித்த மாதம் மழை. நான் கோயிலுக்கு வரவில்லை, வீட்டில் இருந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத் தலையைப் பின்னாமல் விட்டுக்கொண்டு, ஜன்னலில். பூசை மணி வீட்டுக்குக் கேட்கும். மணிக்கும் மணிக்கும் நடுவே எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது காணிக்கை, இப்போது எழுந்தேற்றம், இப்போது உபதேசியார் வாசிப்பார், இப்போது என் பெயர் அந்தத் தூண்களுக்கு நடுவில் சுற்றுகிறது. நான் இல்லாத இடத்தில் என் பெயரை எல்லோரும் கேட்கிறார்கள் என்று நினைத்ததும் வந்தது பயமா, இனிப்பா, இன்றைக்கும் எனக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இதே உபதேசியார் வியாகுலம்தான், அப்போது மீசை அரும்புகிற வயது, புதுசாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்பா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். துறைமுகத்தில் கப்பல் கணக்கு எழுதுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோட்டுப் போடுவார், மழையில் அந்தக் கோட்டு ஆட்டுக்குட்டி மாதிரி நாறும். கையில் மக்ரூன் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "வாசிச்சாச்சி" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "தெளிவா வாசிச்சாரா" என்று கேட்டாள். "கடைசி பெஞ்சில நின்னேன், அங்க வரைக்கும் கேட்டுச்சி." ஏன் கடைசி பெஞ்சுக்குப் போனார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடைசி வரைக்கும் கேட்கிறதா என்று பார்க்கத்தான் போயிருக்கிறார். தன் மகள் பெயர் எதுவரை போகிறது என்று அங்கே நின்று பார்த்திருக்கிறார். மக்ரூன் வாயில் வைத்ததும் கரைந்துவிடும், முந்திரித்தூள் மட்டும் பல்லில் நிற்கும். அதைப் போல இன்னொன்று நான் சாப்பிட்டதில்லை, அதே கடையில்தான் இன்றும் வாங்குகிறேன், அதே பொட்டலம், அதே நூல். அப்பா இன்றைக்கு இருந்தால் எங்கே நிற்பார். கடைசி பெஞ்சில் நிற்பாரா.

நன்மை வாங்க முன் வரிசைதான் முதலில் போக வேண்டும். ஷெரில் எழுந்தாள், ஓடப்போகிறாள் என்றே நினைத்தேன், அப்புறம்தான் விளங்கிற்று, நன்மைக்கு எழுகிறாள், எல்லோரும் எழுகிறார்கள். போய்விட்டுத் திரும்பும்போதுதான் முகங்களைப் பார்த்தாக வேண்டும். நான் தலையைக் குனிந்து பக்தியோடு வருகிறேன், இந்த ஒரு சௌகரியம் நம் மதத்தில் இருக்கிறது, வாயில் அப்பம் இருக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டதும் கான்வென்ட் வந்துவிடுகிறது, முழுசாக, தரை மெழுகு வாசனையோடு, வெள்ளிக்கிழமை பீட்ரூட்டோடு, யாரும் சரியாக வாசிக்காத பியானோவோடு. அங்கே சிஸ்டர்களேதான் கோயிலுக்கு அப்பம் சுடுவார்கள். இரும்புத் தட்டில் மாவை ஊற்றி, பெரிய வட்டமாகச் சுட்டு, அதிலிருந்து சின்னச் சின்ன வட்டங்களை வெட்டி எடுப்பார்கள். மிச்சம் விழுகிற ஓரங்கள் எங்களுக்கு. ஓட்டை ஓட்டையாக, சல்லடை மாதிரி இருக்கும், மொறுமொறு என்று. அதற்காக நாங்கள் அடித்துக்கொள்வோம். பிரிஸ்காவுக்கு ஓரம் போதவில்லை. பிரிஸ்கா என் கட்டிலுக்கு அடுத்த கட்டில், குதிரை மாதிரிப் பல், எப்போதும் பசி. ஒரு நாள் டப்பாவுக்குள் கைவிட்டு வெட்டி வைத்திருந்த வட்டங்களையே ஒரு பிடி அள்ளித் தின்றுவிட்டாள். மந்திரிக்காத அப்பம்தான், பாவமில்லை, ஆனாலும் சிஸ்டர் பார்த்துவிட்டார். அங்கே நல்ல நடத்தைக்கு நீல ரிப்பன் உண்டு, இடது தோளில் குத்திக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் எல்லோரும் நிற்க, மதர் ஐரீன் பெயரை வாசிப்பார், வாசிக்கப்பட்டவள் மேடைக்குப் போக வேண்டும், மதர் தன் கையாலேயே ரிப்பனைக் கழற்றுவார். மங்களூர்க்காரி, ஆறடி, குரல் எழுப்பவே மாட்டார். அன்று பிரிஸ்கா பெயர். மேடைக்குப் போனாள். ஏன் செய்தாய் என்று மதர் இங்கிலீஷில் கேட்டார். பிரிஸ்கா தமிழிலேயே, "பசிச்சுது மதர்" என்றாள். மதர் ரிப்பனைக் கழற்றினார், அந்த ஊசியை எடுக்கும்போது குத்திவிடக் கூடாது என்று ஒரு விரலைத் துணிக்கு உள்ளே கொடுத்து, அவ்வளவு பதமாக, ஒரு அம்மா குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி. அன்று ராத்திரி பிரிஸ்கா அழுவாள் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். தூங்கிவிட்டாள், குறட்டையோடு. ரிப்பன் இல்லாத அவள் தோளை முதல் வாரம் பார்க்கவே கூசிற்று. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரம் அந்த வெறும் தோள் அழகாக இருந்தது, சீருடையில் அந்த ஒரு இடம் மட்டும் அவளுடையது என்பது மாதிரி, ஆளாளுக்கு என்ன தப்புச் செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டோம். டெர்ம் முடிந்தது, புது டெர்மில் எல்லோருக்கும் புது ரிப்பன், அவளுக்கும். அவ்வளவுதான். மதர் ஐரீன் அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவமானத்துக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. அங்கே நான் எத்தனை விஷயத்துக்குப் பயந்தேன், அத்தனை பயத்துக்கும் ஏங்குகிறேன் இப்போது, அந்த மெழுகுத் தரையும் அந்தச் சனிக்கிழமையும் கிடைக்குமானால் ஓடிப்போய் வரிசையில் நின்றுவிடுவேன். இந்த ஊருக்கு டெர்ம் கிடையாது. இங்கே கழற்றினால் கழற்றியதுதான். குத்துமே என்று விரல் கொடுக்கவும் ஆள் கிடையாது.

உட்கார்ந்துவிட்டோம். எல்லோரும் நன்மை வாங்கி முடிக்கிற வரைக்கும் பாட்டு இழுக்கும். ஷெரில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். ஜெபமா, பயமா. எட்வினைப் பற்றி நினைக்கிறாளா. அவன் பெண் பார்க்க வந்தபோது இவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிற குடும்பம், அவன் கை எப்போதும் குளிர்ந்தே இருக்குமோ என்று நான் மடத்தனமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு எல்லாம் தெரியும், ஊருக்கே தெரியும், தெரிந்துதான் வந்திருக்கிறான். வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பேசுவார்கள், சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி புடவையைத் தூக்கிக்கொண்டு. இவன் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக இவரைப் பார்த்து, "அன்னைக்கு சாப்பாட்ட என்ன செஞ்சிய மாமா" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் நிதானமாக, "எல்லாரையும் உக்கார வச்சிப் போட்டுட்டோம் தம்பி" என்றார். "சாப்பிட்டாவளா?" "சாப்பிட்டாவ." "மிஞ்சிச்சா?" "கொஞ்சம். ஹாஸ்டல் பிள்ளையளுக்குக் குடுத்தோம்." அவன் தலையாட்டினான். "அவ்வளவு சோத்தையும் வீணாக்காம அந்த நேரத்துல நின்னு போட்டிருக்கியளே" என்றான். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, இங்கே வருகிற வழியெல்லாம். ஷெரில் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். நான் உள்ளே போய் அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல பையன். கொஞ்சம் குட்டை. இருக்கட்டும். உட்கார்ந்துவிடு ஷெரில். ஒரு நிமிஷம்தான். வாசித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. பெயர்தான், சத்தம்தான், காற்று. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, ஒரு வருஷமாக விடிகாலைப் பூசையில் ஒளிந்தவள்.

பாட்டு நின்றுவிட்டது. வியாகுலம் மைக்கைத் தட்டுகிறார். தலை வெளுத்துவிட்டது, கண்ணாடிக்குக் கயிறு போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்ய வேண்டும், வீட்டுக்கு ஒருவர் வரவும். போன ஞாயிறு யாரோ விட்டுப்போன குடை பீடத்துக்குப் பின்னால் சக்கிறீஸ்து அறையில் இருக்கிறது. மறைக்கல்விப் பிள்ளைகள் நாளை வர வேண்டாம். சீக்கிரம். மெதுவாக. "திருமண ஓலை, முதல் அறிக்கை." ஹில்டா மைனியின் பவுடர் வாசனை கிட்டே வருகிறது, முன்னால் சாய்கிறாள். "நமது பங்கைச் சேர்ந்த திரு இஞ்ஞாசி, திருமதி கார்மலின் ஆகியோரின் மகள் மரிய ஷெரில் என்பவருக்கும்," ஷெரில் அசையவில்லை, என் பெயர் தூணுக்குத் தூண் போகிறது, கடைசி பெஞ்சு வரைக்கும் போகிறது, "திரு மச்சாது, திருமதி எமிலி ஆகியோரின் மகன் லெஸ்லி மச்சாது என்பவருக்கும்," என்ன. என்ன சொன்னார். இல்லை. "திருமணம் நடைபெற இருக்கிறது. இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்," அவர் வாசித்துக்கொண்டே போகிறார். அவருக்கே தெரியவில்லை. பழைய ஓலையைப் பார்த்து எழுதியிருக்கிறார், பெண் வீட்டு விவரம் அதேதானே என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் அவனையும் சேர்த்து எழுதிவிட்டார், காலம் காலமாக எல்லார் ஓலையையும் முந்தின ஓலையைப் பார்த்தேதானே எழுதுகிறார் இந்த மனுஷன். பின்னால் காற்று மாதிரி ஒரு சத்தம். முழுக் கோயிலும் மூச்சை உள்ளே இழுக்கிறது. யாரோ சிரிக்கப் போகிறார்கள். யாராவது ஒருவர் சிரித்தால் போதும், எல்லோரும் சிரிப்பார்கள். "அதைப் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." நான் எழுந்துவிட்டேன். என் காலைக் கேட்காமலே எழுந்துவிட்டேன்.

"தடை இருக்கு" என்கிறேன். கான்வென்ட் குரல், எலக்யூஷன் குரல், மைக் வேண்டியதில்லை. "அந்தப் பையன் எங்களுக்கு வேண்டாம். போன வருஷமே வேண்டாம்னு ஆயிருச்சி." இவர் என் புடவையைப் பிடித்து இழுக்கிறார், கையைத் தட்டிவிடுகிறேன். வியாகுலம் தாளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி தாளை. முகம் வெளுப்பது இங்கிருந்தே தெரிகிறது. அப்புறம் மைக்கிலேயே, அது கோபுரத்து ஒலிபெருக்கி வழியாக மீன்கடை வரைக்கும் கேட்கும், "மாப்பிள்ள பேரு என்னம்மா" என்கிறார். சொல்ல வேண்டியதுதானே. சொல். வாயைத் திறக்கிறேன். இல்லை. பெயர் இல்லை. லெஸ்லி என்ற ஒரு பெயர்தான் உள்ளே கிடக்கிறது, அதைத் தள்ளினால் ஹெல்மெட், ஹெல்மெட்டைத் தள்ளினால் வாளி, ஐஸ் வருகிறது, காபி டம்ளர் வருகிறது, குளிர்ந்த கை வருகிறது, பெயர் வரவில்லை. கோயில் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் மாப்பிள்ளை பெயர் தெரியாமல் நிற்கிறேன். பக்கத்தில் பெஞ்சு கிரீச்சிடுகிறது. ஷெரில் எழுந்துவிட்டாள். முடிந்தது. ஓடப்போகிறாள், வழி விட வேண்டும், ஓடட்டும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

"எட்வின் கோமஸ்" என்கிறாள்.

உபதேசியார் சட்டைப்பையில் பேனாவைத் தேடுகிறார். "கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா."

"எட்வின். கோமஸ்." பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள். "அப்பா பேரு ஜெரோம் கோமஸ். அம்மா ரெஜினா. எழுதிட்டியளா?"

"எழுதிட்டேன்."

"பழைய பேர அடிச்சிருங்க."

அடிக்கிறார். மைக்குக்குப் பக்கத்தில் பேனா கீறுகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்கிறது, வெளியேயும் கேட்டிருக்கும். நான் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்து ஹில்டா மைனி, குரலை இறக்கினால் யாருக்கும் கேட்காது என்று நம்புகிறவள், "எந்த கோமஸுட்டி, ஐஸ் கம்பெனியா?" என்கிறாள். ஷெரில் திரும்பிப் பார்க்கிறாள். முழுக் கோயிலையும்தான் பார்த்திருக்க வேண்டும் அவள். "ஆமா அத்த. ஐஸ் கம்பெனிதான்." "நல்ல குடும்பம்லா" என்று மைனி பக்கத்தில் யாரிடமோ சொல்கிறாள், அந்தக் குரலில் எனக்குப் பழகிய அந்தச் சுவை, இன்று மத்தியானம் எத்தனை அடுப்படிக்கு இது போகும் என்கிற சுவை. வியாகுலம் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து வாசிக்கிறார், திரு இஞ்ஞாசி, திருமதி கார்மலின், மரிய ஷெரில், எட்வின் கோமஸ், ஒவ்வொரு பெயருக்கும் ஷெரிலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவள் தலையாட்டியதும் அடுத்த பெயருக்குப் போகிறார். சாமியார் பீடத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார், முதல் தடவையாக அவருக்குப் பேச ஒன்றுமில்லை. வாசித்து முடிந்தது. சாமியார் கையை விரிக்கிறார். இறுதி ஆசீர், எழுந்து நிற்போம் என்கிறார். பெஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிரீச்சிட, கோயில் மொத்தமும் எழுகிறது. நானும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன். ஷெரில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறாள்.